தூணில் வெல்டர் நம்பர், சான்றிதழ் மட்டும் கம்பெனி ஃபைலில்: ஸ்ட்ரக்சரல் வெல்டர்கள் ஏன் திரும்பத் திரும்ப டெஸ்ட் எழுதுகிறார்கள்?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் போனால் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் நிறைய. 1960-களில் இங்கே 'பெல்' பாய்லர் ஆலை வந்தது. அதன் ஆர்டர்களை நம்பிச் சுற்றிலும் முளைத்தவைதான் இவற்றில் பல. பாய்லரைத் தாங்கும் தூண்களும் பீம்களும் இப்படிப்பட்ட ஷெட்டுகளில்தான் உருவாகின்றன.

அப்படி ஒரு தூணின் வெல்டு ஓரத்தை உற்றுப் பாருங்கள். 'டபிள்யூ 17' என்பது மாதிரி ஒரு நம்பர் பஞ்ச் அடித்திருக்கும், அல்லது மார்க்கரில் எழுதியிருக்கும். அது அந்த வெல்டைப் போட்டவரின் நம்பர். நாளைக்கு அல்ட்ராசோனிக் சோதனையில் குறை தெரிந்தால் நேராக அவரிடம்தான் வருவார்கள். தோண்டி எடுத்து, கிரைண்ட் பண்ணி, மறுபடி வெல்டு போட வேண்டும்.

இந்த நம்பர் சும்மா கிடைத்துவிடாது. ஐ.டி.ஐ-யில் வெல்டர் படிப்பு ஓராண்டு, எட்டாம் வகுப்பு பாஸ் போதும். ஆனால் ஐ.டி.ஐ சர்டிஃபிகேட்டை மட்டும் காட்டினால் ஸ்ட்ரக்சரில் கை வைக்க விடமாட்டார்கள். "டெஸ்ட் பீஸ் போடுங்க தம்பி" என்பதுதான் முதல் வார்த்தை.

டெஸ்ட்டில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு பிளேட்டுகளின் ஓரத்தைச் சரிவாகச் சீவி, நடுவில் இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். அதை வெல்டு போட்டு நிரப்ப வேண்டும். பிளேட் படுத்திருந்தால் 1ஜி. நின்றிருக்க, ஜாயின்ட் கிடைமட்டமாக ஓடினால் 2ஜி, கீழிருந்து மேலே ஏறினால் 3ஜி. தலைக்கு மேல் இருந்தால் 4ஜி. செல்போன் சிக்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! ஸ்ட்ரக்சரல் வேலைக்குப் பெரும்பாலும் கேட்பது 3ஜி, 4ஜி. இந்த இரண்டிலும் பாஸானவர் பிளேட்டில் எந்த நிலையிலும் வெல்டு போடலாம் என்பது கணக்கு.

4ஜி-யில் உருகிய இரும்பு முகத்துக்கு மேலே நிற்கும். ஆர்க்கைக் கொஞ்சம் நீட்டினால் சொட்டும். ராடை மெதுவாக நகர்த்தினால் தொங்கும், வேகமாக நகர்த்தினால் ஓரத்தில் பள்ளம் விழும். கழுத்தை அண்ணாந்தபடி, மூச்சைக் கட்டுப்படுத்தி, நூல் பிடித்தமாதிரி கை போக வேண்டும்.

முடிந்ததும் பிளேட்டிலிருந்து பட்டைகளை வெட்டி 'யு' வடிவத்துக்கு வளைப்பார்கள். அமெரிக்க ஸ்ட்ரக்சரல் வெல்டிங் கோடான டி1.1 படி, வளைந்த பரப்பில் 3 மி.மீ-க்கு மேல் விரிசல் வாய் திறந்தால் பொதுவாக ஃபெயில். வெளியே பளபளவென்று மீன் செதில் மாதிரி அழகாக இருந்த வெல்டுகூட இங்கே மாட்டிக்கொள்ளும்.

கை சரியாக இருந்தாலும் ராடு காலை வாரலாம். 7018 ராடு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், வேலை முடிந்து மணிக்கணக்கில், சிலசமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் ராடை மதர் ஓவனில் சுட்டு, போர்ட்டபிள் ஓவனில் சூடாகவே வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். டி1.1 கணக்கில் சாதாரண 7018 ராடு வெளியே இருக்கலாம் என்பது அதிகபட்சம் 4 மணி நேரம். அவசர ஆர்டர் வரும்போது முதலில் அடிபடும் விதி இதுதான்.

பாஸானால் பிரச்னை முடிந்ததா?

இல்லை. பாய்லரில் அழுத்தம் தாங்கும் பாகங்களை வெல்டு செய்பவருக்கு, பாய்லர் சட்டத்தின் கீழ் தேர்வும் சான்றிதழும் உண்டு. அதே பாய்லரைத் தாங்கும் தூணை வெல்டு செய்பவருக்கு அப்படி ஒன்று இல்லை. டெஸ்ட்டை நடத்துவது அவர் வேலை பார்க்கும் கம்பெனி, பேப்பர் இருப்பதும் கம்பெனி ஃபைலில். கம்பெனி மாறினால் பெரும்பாலும் முதலிலிருந்து மறுபடி டெஸ்ட் பீஸ். பத்து வருஷ அனுபவமுள்ள அண்ணனும் நேற்று வந்த பையனும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இன்னொரு கண்டிஷனும் இருக்கிறது. அந்த வெல்டிங் முறையில் 6 மாதத்துக்கு மேல் வேலை செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதி. ஆர்டர் குறைந்து ஷெட் மூடிக் கிடந்தாலும், விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தாலும் இதே கதைதான். வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் ஏஜென்ட் சொல்லும் சென்டரில் ஒருமுறை, அங்கே இறங்கியதும் இன்னொருமுறை என்று டெஸ்ட் போடுவதும் சகஜம்.

இத்தனைக்கும் மூலதனம் கண்ணும் நுரையீரலும்தான். மாஸ்க் போடாமல் ஆர்க்கைப் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். பக்கத்தில் டேக் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெல்பருக்கும் இதே கதிதான். வெல்டிங் புகையை நுரையீரல் புற்றுநோய்க்கான உறுதியான காரணிகளில் ஒன்றாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வகைப்படுத்தியது. ஷெட்டுகளில் இன்றும் சொல்லப்படும் மருந்து, "வேலை முடிஞ்சதும் பால் குடிங்க". பால் போவது வயிற்றுக்கு. தேவை, புகையை அது கிளம்பும் இடத்திலேயே இழுக்கும் எக்ஸாஸ்ட்டும் சரியான முகக்கவசமும்.

வேலை மாறும் வெல்டர் குறைந்தபட்சம் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: டெஸ்ட் ரிப்போர்ட்டின் நகல், எந்த முறையில், எந்த நிலையில், கடைசியாக எப்போது வெல்டு போட்டார் என்று எழுதிய தொடர் பணிப் பதிவு. புதிய வேலையில் கிளையன்ட்டின் இன்ஜினீயர் ஒப்புக்கொண்டால், பழைய டெஸ்ட்டையே ஏற்க டி1.1-ல் இடமிருக்கிறது. ஆனால் பேப்பர் கையில் இருந்தால்தானே கேட்க முடியும்? 'டபிள்யூ 17' என்ற நம்பரோ, அவர் கிளம்பிய பிறகும் அந்தத் தூணிலேயே இருக்கும்.