டீசல் வண்டிக்கு ஓர் அழுத்தமானி

டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. உருளைக்குள் காற்று இறுக அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது; அச்சூட்டில் எண்ணெய் தூவப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே எண்ணெய் உரிய வேளையில் உரிய விசையுடன் வந்து சேர்வதில்தான் இயந்திரத்தின் உயிர் இருக்கிறது. இதற்கு இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று, தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, வடிகட்டி வழியே மெல்லிய அழுத்தத்தில் அனுப்புவது. மற்றொன்று, அதைப் பெற்று மிகப் பெரும் அழுத்தத்தில் உருளைகளுக்குப் பீய்ச்சுவது. முன்னதை ‘லிஃப்ட் பம்பு’ என்பர். ‘தூக்கும் பம்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிணற்று நினைவுதான் வரும். அது செய்யும் வேலையை நோக்கி ‘ஊட்டும் பம்பு’ என்பதே பொருத்தம்.

இவ்விரண்டின் உறவு கெட்டால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 2002ஆம் ஆண்டு மாதிரி வரை வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்அப் வண்டிகள் நல்ல சான்று. அவற்றில் இருப்பது 5.9 லிட்டர் கம்மின்ஸ் இயந்திரம். (புனேவில் வாழும் நேயர்களுக்கு இப்பெயர் புதிதன்று, கிர்லோஸ்கர் கம்மின்ஸ் என்ற பெயரில் 1962இல் அங்கு ஒரு நிறுவனம் தோன்றியது.) பீய்ச்சும் வேலையைச் செய்வது பாஷ் நிறுவனத்தின் வி.பி.44 என்னும் பம்பு. அதைக் குளிர்விப்பதும், அதன் உறுப்புகள் தேயாமல் வழுவழுப்பூட்டுவதும் அதனூடே ஓடும் டீசலேயன்றி வேறில்லை. மின்சாரத்தால் இயங்கும் ஊட்டும் பம்பு தளர்ந்துவிட்டால், விலையுயர்ந்த பெரிய பம்பு வறண்டு தேய்கிறது. ஆனால் அதுவே எண்ணெயை ஓரளவு உறிஞ்சிக்கொள்வதால் வண்டி வழக்கம்போல் ஓடும். ஓட்டுபவருக்கு ஐயம் எழாது. முகப்புப் பலகையில் மசகெண்ணெயின் அழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் காட்டும் மானிகள் உண்டு. எரிபொருள் அழுத்தத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. நடுவழியில் இயந்திரம் நின்ற பிறகே விஷயம் வெளியாகும்.

எனவேதான் அவ்வண்டிக்காரர்கள் தாமே ஒரு மானியைப் பொருத்திக்கொள்கின்றனர். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு வரை காட்டுவது போதும். அளவெடுக்க வேண்டிய இடம் வடிகட்டிக்கும் பெரிய பம்புக்கும் இடைப்பட்ட குழாய். அங்குள்ள துளையுள்ள போல்ட்டை எடுத்துவிட்டு, தலையில் மரை வெட்டிய வேறொன்றைப் போடுவர்.

மானியில் இருவகை உண்டு. ஒன்றில் எண்ணெயே சிறு குழாய் வழியாக மானிக்குள் செல்லும். மலிவுதான், ஆயினும் டீசலை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவருவதை ஒருபோதும் ஒப்ப இயலாது. குழாய் வெடித்தால் எண்ணெய் முழங்காலில் பீறிடும், தீயபாயமும் உண்டு. அவ்வகையே வேண்டுமென்பவர் இடையில் சவ்வுள்ள ஒரு தடுப்புக் கலத்தை வைப்பர். டீசல் இயந்திரப் பகுதியிலேயே நின்றுவிடும். உறையாத் திரவம் மட்டுமே உள்ளே வரும். மற்ற வகையில் ஓர் உணர்வுக் கருவி அழுத்தத்தை மின்குறியாக்கிக் கம்பி வழியே அனுப்புகிறது. அக்கருவியை நேரே போல்ட்டில் திருகலாகாது; அதிர்வில் முறிந்துவிடும். சிறு ரப்பர்க் குழாய் கொண்டு சற்று விலக்கிப் பொருத்த வேண்டும். பெரிய பம்பின் துடிப்பு மானியைத் தாக்காதிருக்க ஊசி வால்வு ஒன்றும் வேண்டும்.

வேலை தொடங்குமுன் இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். இரு பாட்டரிகளின் எதிர்முனைகளையும் கழற்றிவிட வேண்டும். போல்ட்டைச் சுற்றியுள்ள அழுக்கை நன்கு துடைப்பது இன்றியமையாதது; உள்ளே போகும் ஒரு மணல் துகள் பெரிய பம்புக்கு நஞ்சு. வாஷர்கள் புதியனவாக இருக்கட்டும். மரைக்கு வெள்ளை நாடா சுற்றுவதைவிடத் திரவப் பசை நன்று. நாடாவின் இழை பிரிந்து எண்ணெயோடு போகக்கூடும். முடிந்தபின் பாட்டரிகளை இணைத்து, இயந்திரம் கிளம்பாத அளவுக்குச் சாவியை ஒரு கணம் திருப்பிவிட்டால், ஊட்டும் பம்பு ஏறத்தாழ 25 விநாடி ஓடிக் காற்றை வெளியேற்றும். அப்போது ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுக் கசிவு பார்க்கலாம்.

நின்றபடி ஓடும்போது முள் 15 பவுண்டை ஒட்டி நிற்பது நலம். பார்க்க வேண்டியதோ பாரமேற்றி மேடேறும்போதுதான். அப்போதும் 10 பவுண்டுக்குக் கீழே இறங்கலாகாது என்பது அனுபவமுள்ளவர் வைத்திருக்கும் வரம்பு. இறங்கினால் முதலில் வடிகட்டியை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த வழி. அதன் பின்னும் முள் எழவில்லையெனில், ஊட்டும் பம்பையும் தொட்டியிலிருந்து வரும் குழாயையும் சோதிக்க வேண்டும். அதுவரை அவ்வண்டியில் பாரம் ஏற்றலாகாது.