இரு கண்களும் ஒரே கணமும்

மனிதனுக்கு இரண்டு கண்கள் இருப்பது, ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும் என்பதற்காக மட்டுமன்று. இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. ஆதலால் ஒரே பொருளை இடக்கண் ஒரு கோணத்திலும் வலக்கண் மற்றொரு கோணத்திலும் காண்கின்றன. இவ்விரு காட்சிகளுக்கும் உள்ள சிறு வேற்றுமையைக் கொண்டே மூளை பொருளின் தூரத்தை மதிப்பிடுகின்றது. இவ்வுண்மையை இங்கிலாந்து அறிஞர் சார்ள்ஸ் வீட்ஸ்ரன் 1838 ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார்.

இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையிலே, நாவலடியிலும் பாலமீன்மடுவிலும், கிழிந்த வலையைச் செப்பனிடும் மீனவர்களைக் காணலாம். ஊசி ஒவ்வொரு கண்ணியிலும் தவறாமற் புகுந்து வெளிவருகின்றது. ஆனால் அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதே வேலையைச் செய்வாராயின், ஊசி கண்ணிக்கு முன்னாலோ பின்னாலோ தவறிப்போகும். பயின்ற கைகூடத் தடுமாறும்.

இத்தடுமாற்றமே ஒரு காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும் நேர்ந்தது. வயிற்றை அகலக் கீறாது, சிறு துவாரங்கள் வழியாகப் பித்தப்பையை அகற்றும் முறையை ஜேர்மனியில் எரிக் மூஹே என்பவர் 1985 இல் கையாண்டார். இம்முறையால் நோயாளியின் நோவு குறைந்தது. அவர் விரைவில் வீடு திரும்பவும் முடிந்தது. ஆயினும் உடலினுள்ளே செலுத்திய ஒற்றைக் கமரா திரையில் தட்டையான படத்தையே காட்டிற்று. இக்குறையைத் தீர்க்க, மனிதக் கண்களைப் போல அருகருகே இரு காட்சிகளை எடுக்கும் கமராக்கள் தோன்றின. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பொதுச் சத்திரசிகிச்சைக்கு அனுமதி பெற்ற டா வின்சி என்னும் இயந்திரமும் இரட்டைக் காட்சியையே நிபுணருக்கு அளிக்கின்றது.

இரண்டு கமராக்களை வைத்துவிட்டால் போதுமா? போதாது. இரண்டும் ஒரே கணத்திற் பார்க்கவேண்டும். கமராவினுள் உள்ள பட உணரி என்னும் சில்லு, ஒளியைச் சிறிது நேரம் ஏற்றுச் சேர்த்து, பின்னர் அதனை மின்குறியாக வெளியிடுகின்றது. செக்கனுக்கு 60 படங்கள் எனின், ஒரு படத்திற்குக் கிடைப்பது செக்கனின் 60 இல் ஒரு பங்கே. அந்நேரத்துள் ஒளியேற்பு எப்போது தொடங்குகின்றது, எப்போது முடிகின்றது என்பதை ஆள்வதே பொறியியலாளரின் பணி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரு வில்லைகளுக்கும் இடையே 5 மில்லிமீற்றர் இடைவெளி. தையல் ஊசி அவற்றிலிருந்து 100 மில்லிமீற்றர் தொலைவில், செக்கனுக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் பக்கவாட்டாக நகர்கின்றது என்று கொள்வோம். வலப்புற உணரி செக்கனின் நூறில் ஒரு பங்கு பிந்தினால், அதற்குள் ஊசி அரை மில்லிமீற்றர் நகர்ந்திருக்கும். அரை மில்லிமீற்றர் அற்பம் என்று தோன்றும். ஆனால் அது ஆழத்திலே ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் பிழையாகப் பெருகுகின்றது. ஊசி வலப்புறம் சென்றால் தொலைவில் இருப்பதாகவும், இடப்புறம் சென்றால் அருகில் இருப்பதாகவும் நிபுணருக்குத் தோன்றும். அடியிலே குருதிக்குழாய் இருக்குமிடத்தில் இப்பிழையின் விலை என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒளியின் அளவும் இவ்வாறே ஏமாற்றும். ஒரு நூலிலே கல்லைக் கட்டிப் பக்கவாட்டாக ஆடவிட்டு, ஒரு கண்ணின் முன் மட்டும் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து, இரு கண்களாலும் பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் கல் நீள்வட்டமாகச் சுற்றுவதுபோலத் தோன்றும். மங்கிய காட்சி மூளைக்குச் சற்றுப் பிந்தியே எட்டுவதே காரணம். 1922 இல் இதனை விளக்கிய கார்ல் புல்பிரிக் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். தாம் விளக்கிய விந்தையை அவரால் காண இயலவில்லை.

ஆகவே இரு உணரிகளும் தத்தம் விருப்பப்படி ஒளியேற்பு நேரத்தைத் தீர்மானித்தல் ஆகாது. இரண்டும் ஒன்றாகத் தொடங்கினாலும், ஒன்று செக்கனின் ஆயிரத்தில் 4 பங்கும் மற்றொன்று 12 பங்கும் ஒளியை ஏற்றால், அவற்றின் நடுக்கணங்கள் 4 பங்கு விலகிவிடும். உடலினுள்ளே விளக்கும் கமராவின் நுனியிலேயே உள்ளது. தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகின்றது. ஆதலால் நேரத்தை இடையறாது மாற்றவும் வேண்டும். மாற்றும் போது, ஒரே தீர்மானம் இரு உணரிகளுக்கும் ஒரே படத்திலிருந்து நடைமுறைக்கு வரவேண்டும். இரண்டையும் ஒரே மின்கடிகாரம் இயக்கவேண்டும் என்பதும் இதனாலேயே.

இன்னுமொரு நுட்பம் உண்டு. பல உணரிகள் படத்தை ஒரே வீச்சில் எடாது, மேலிருந்து கீழாக வரி வரியாக எடுக்கின்றன. இரண்டும் ஒரே வரியை ஒரே கணத்தில் எடுக்குமாயின் ஆழம் பிசகாது. இடவசதிக்காக ஓர் உணரியைத் தலைகீழாகப் பொருத்திவிட்டாலோ, நடுவரியில் மட்டும் கணங்கள் ஒத்துப்போகும். மேலும் கீழும் செல்லச் செல்ல விலகும். எல்லா வரிகளும் ஒருங்கே ஒளியை ஏற்கும் உணரிகள் இதற்கு ஒரு பரிகாரம். எல்லா வரிகளும் திறந்திருக்கும் வேளையில் மட்டும் விளக்கைப் பளிச்சிடச் செய்தல் மற்றொரு பரிகாரம்.

இவற்றைச் சோதிக்கும் முறை மிக எளிது. வேகமாகச் சுழலும் தட்டொன்றில் ஒரு புள்ளியை இட்டு, இரு உணரிகளாலும் படமெடுக்கவேண்டும். இரு படங்களிலும் புள்ளி ஒரே கோணத்தில் நின்றால் கணங்கள் ஒத்துள்ளன. வேறுபட்டால் பிசகு உண்டு. மயக்கத்தில் கிடக்கும் நோயாளி இதனை அறியார். திரையை நம்பிக் கையை நகர்த்தும் நிபுணரும் அவ்வேளையில் ஐயுற இயலாது. ஆதலால், கருவி சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் செல்லுமுன்னரே அந்த ஐயத்தை எழுப்பித் தீர்த்துவைப்பது, அதனை அமைப்போரும் பேணுவோரும் ஏற்கவேண்டிய கடமையாகும்.