6174: எங்கிருந்து கிளம்பினாலும் வந்து சேரும் எண்

நான்கு இலக்க எண் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1111, 2222 போல நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி ஓர் எண், ஏறுவரிசையில் அடுக்கி இன்னோர் எண். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். விடை மூன்று இலக்கமாகக் குறைந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ள வேண்டும்.

1905-ஐப் போட்டுப் பார்ப்போம். 9510-இல் 0159 போனால் 9351. பிறகு 9531 − 1359 = 8172. அடுத்து 8721 − 1278 = 7443. தொடர்ந்தால் 3996, 6264, 4176. ஏழாவது கழித்தலில் 6174. அதன்பின் நகர்வே இல்லை: 7641 − 1467 = 6174. எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்துவிடும்.

1905, இதைக் கண்டுபிடித்த டி. ஆர். கப்ரேகர் பிறந்த ஆண்டு. அதிகபட்சமான ஏழு படிகளும் அதற்குத் தேவைப்படுகின்றன. அவர் மறைந்த ஆண்டான 1986-ஐப் போட்டாலோ முதல் படியிலேயே 8172 வந்து, அதே பாதையில் சேர்ந்துகொள்கிறது!

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் கப்ரேகர். 6174 பற்றி அவர் அறிவித்தது 1949-இல், நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். அற்ப விஷயம் என்று இங்கே பலர் ஒதுக்கினார்கள். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பிறகுதான் உலகம் அவர் பக்கம் திரும்பியது.

அற்பமா என்று கணக்கின் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். இலக்கங்களை இறங்குவரிசையில் வைத்தபின், முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆலும், நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை கிடைத்துவிடும். 7641-இல் அந்த வித்தியாசங்கள் 6, 2. ஆகவே 5994 + 180 = 6174. இலக்கங்கள் எவை என்பது பொருட்டே இல்லை. இந்த இரண்டு வித்தியாசங்கள் போதும். அவை சேரக்கூடிய விதங்கள் மொத்தம் 54. பூஜ்யத்தில் தொடங்குபவற்றையும் சேர்த்தால் நம் கையில் இருந்த எண்கள் 9990. ஒரே கழித்தலில் அத்தனையும் 54-க்குள் அடங்கிவிடுகின்றன!

அதற்குள்ளேயே சுற்றுவதால் எப்போதாவது ஓர் எண் திரும்ப வந்தே தீரும். ஆனால் 54-இல் ஒன்றுகூடத் தனிச் சுழலில் மாட்டாமல், எல்லாமே ஒரே எண்ணில் ஏன் முடிய வேண்டும்? அதற்குச் சுருக்கமான விடை எதுவும் இந்தச் சூத்திரத்தில் இல்லை. 54-ஐயும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். என்னைக் கட்டிப்போடுவது இந்த இடம்தான்.

6174-இன் அழகு கழித்தலோடு நிற்கவில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. அதால் வகுத்தால் மீதியின்றி 343, அதாவது 7 × 7 × 7. தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் இத்தகைய எண்களுக்கு 'ஹர்ஷத் எண்' என்று பெயர் வைத்தவரும் கப்ரேகரே. 18, அதன் வர்க்கம் 324, அதன் கனம் 5832 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், அதுவும் 6174.

மூன்று இலக்க எண்களுக்கும் இப்படி ஒரு முடிவிடம் உண்டு: 495. ஐந்து இலக்கத்தில் அது இல்லை. 53955 கழிந்து 59994 ஆகும். 59994 கழிந்து மறுபடி 53955. ஆறு இலக்கத்திலோ 549945, 631764 என நிலைத்து நிற்கும் எண்கள் இரண்டு, கூடவே ஏழு எண்கள் கொண்ட ஒரு சுழலும்.