மைதானத்துக்குப் பெயர் தந்த பிலிப் ஷாத்ரியே

பாரிஸ் மாநகரின் மேற்கோரத்தில் ரோலான் காரோஸ் என்னும் டென்னிஸ் மைதானம் உள்ளது. பிரஞ்சு வீரர்கள் வென்று கொணர்ந்த டேவிஸ் கோப்பையைச் சொந்த மண்ணிலேயே காப்பதற்காக 1928-ம் ஆண்டில் அது எழுப்பப்பட்டது. அதன் நடு அரங்கம் தாங்கி நிற்கும் பெயரோ பட்டங்கள் பல ஜயித்த வீரர் ஒருவருடையதன்று. பிலிப் ஷாத்ரியே என்பாருடையது. இப்பெருமை அவருக்கு வாய்த்த வரலாறு நாம் அறியத்தக்கதே.

ஆட்டக்காரராயிருந்த ஷாத்ரியே பின்னர் பத்திரிகைத் தொழிலில் புகுந்து, 1953-ல் டென்னிஸுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். ஊதியம் பெறாதவர் என்று பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் மறைவில் பணம் வாங்கிய காலம் அது. அந்தப் பொய்யை ஒழித்து, எல்லோரும் ஒரே பந்தயத்தில் வெளிப்படையாக ஆட வேண்டும் என்று அவர் வாதாடினார். 1968-ல் அது கைகூடியது.

1969 முதல் 1972 வரை டேவிஸ் கோப்பைக் குழுவின் தலைவராயிருந்து, 1973-ல் பிரஞ்சு டென்னிஸ் சம்மேளனத்தின் தலைமையை ஏற்றார். மறு ஆண்டே சோதனை வந்தது. அமெரிக்காவில் புதிதாய்த் தோன்றிய குழுப் பந்தயம், ரோலான் காரோஸ் நடைபெறும் நாட்களிலேயே ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து இழுத்தது. அதில் ஒப்பந்தம் செய்தவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஷாத்ரியே கதவை அடைத்தார். அவ்வாண்டின் மற்ற மூன்று பெரும் பட்டங்களையும் ஜயித்த ஜிம்மி கானர்ஸும் வெளியே நிற்க நேர்ந்தது. ஆட்டக்காரரின் ஊதியத்துக்காகப் போராடியவரே இவ்வாறு செய்யலாமா என்று கேட்போர் உண்டு. ஊதியம் வேறு, ஆட்டத்தையே விலைக்கு வாங்குவது வேறு என்பது அவர் கொண்ட கொள்கை. தளர்ந்திருந்த அப்பந்தயம் அவர் காலத்திலேயே மீண்டும் தழைத்தது.

1977 முதல் 1991 வரை சர்வதேசச் சம்மேளனத்துக்கும் அவரே தலைவர். 1924-க்குப் பிறகு ஒலிம்பிக் பந்தயங்களிலிருந்து டென்னிஸ் நீங்கியிருந்தது. அவருடைய விடாமுயற்சியால் 1984-ல் அது காட்சிப் பந்தயமாக நுழைந்தது. 1988-ல் ஸியோல் நகரில் பதக்கத்துக்குரிய பந்தயமாயிற்று. அங்கே ஸ்டெபி கிராப் தங்கம் வென்றார்.

2000-ம் ஆண்டில் ஷாத்ரியே காலமானார். மறு ஆண்டு நடு அரங்கம் அவர் பெயர் பெற்றது. ஆடுகிறவரின் புகழைப் பார்வையாளர் கரகோஷத்தால் அளப்பர். ஆட்டத்தைக் காப்பவரின் புகழையோ காலம் அளக்கிறது.