திண்ம உலோகங்களின் அவத்தை மாற்றங்கள்: பாகுபாட்டுக்கு அடிப்படை யாது?

காபன் செறிந்த உருக்குத் துண்டொன்றைச் செந்நிறமாகச் சூடேற்றி உலையினுள்ளேயே மெல்ல ஆறவிட்டால், அது அரத்துக்கு இடங்கொடுக்கும். நீரில் அமிழ்த்திச் சடுதியாகத் தணித்தால் அரத்தையே மழுக்கும். இரண்டிலும் இரசாயன அமைப்பு ஒன்றே. வேறுபட்டது திண்மநிலையில் நிகழ்ந்த அவத்தை மாற்றத்தின் வகையாகும். ஆதலின் இம்மாற்றங்களைப் பாகுபடுத்தல் வெறும் பெயர்சூட்டு வேலையன்று.

1933இல் எரன்பெசுற்று என்பார் வெப்பவியக்கவியல் வழியே ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். மாற்றத்தின்போது எந்திரப்பியும் கனவளவும் சடுதியாக மாறின் அது முதலாம் வரிசை மாற்றம். அவை தொடர்ச்சியாயிருக்க, வெப்பக் கொள்ளளவு போன்றவை மட்டும் சடுதியாக மாறின் இரண்டாம் வரிசை. இரும்பு இரண்டுக்கும் உதாரணம் தருகின்றது. 912° ச. இல் அதன் சாலகமே மாறுகின்றது, மறைவெப்பமும் உண்டு. 770° ச. இலோ காந்தத்தன்மை நீங்குகின்றதேயன்றிச் சாலகம் மாறுவதில்லை. முன்னையோர் இதனைத் தனி அவத்தையெனக் கொண்டு 'பீற்றா இரும்பு' என வழங்கினர், அப்பெயர் நிலைக்கவில்லை.

எனினும் உலோகவியலாளனுக்கு இது போதாது. மென்மை தரும் பேளைற்றும் வன்மை தரும் மாட்டென்சைற்றும் முதலாம் வரிசை மாற்றங்களாலேயே தோன்றுகின்றன! எனவே அணுக்கள் எவ்வாறு இடம்பெயர்கின்றன என வினவுதல் வேண்டும். பேளைற்று 727° ச. இன் கீழ், காபன் அணுக்கள் பரவிப் பிரிவதால் வளர்வது. அதற்குக் காலம் தேவை. மாட்டென்சைற்றிலோ அணுக்கள் அயலவற்றை விட்டு நீங்காது, அணுவிடைத் தூரத்திலும் குறைவாக, ஒருங்கே நகர்கின்றன. காபன் சிக்கிக்கொள்ளச் சாலகம் ஒருபுறம் நீள்கின்றது. உருவாகும் அளவைப் பெரும்பாலும் காலமன்று, வெப்பநிலையே தீர்மானிக்கின்றது. அமைப்பு மாறாமை மட்டும் இதற்குச் சான்றாகாது. செம்பு-நாகக் கலப்புலோகங்கள் சிலவற்றில் அமைப்பு மாறாதபோதும் அணுக்கள் எல்லையைத் தனித்தனியே தாண்டுகின்றன.

இப்பாகுபாட்டுக்கு எளிதில் அடங்காதது பேனைற்று. தாவன்போட்டு, பெயின் ஆகியோர் 1930இல் விவரித்த இவ்வமைப்பு, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலைகளில் தோன்றுவது. மினுக்கிய முகத்தில் அது மேடுபள்ளங்களை எழுப்புவதைக் கோ, கொற்றெல் ஆகியோர் 1952இல் காட்டினர். இரும்புச் சாலகம் சறுக்கியே மாறுகின்றது என்பதற்கு இது சான்றென ஒரு சாராரும், பரவலால் வளரும் தட்டுகளும் இவ்வாறு தோன்றலாமென மறுசாராரும் வாதிப்பர். இரும்பணுவையும் காபனணுவையும் குறித்துத் தனித்தனியே வினவுவதே தக்கதென்பது எம் கருத்து: முன்னது ஒருங்கே நகர, பின்னது பரவுதல் கூடும். சிலிக்கன் மிகுந்த உருக்குகளில் இம்மாற்றம் இடையில் நின்றுவிடுகின்றது. பரவலொன்றே காரணமாயின், மேலும் பல மணிநேரம் வைத்திருப்பின் அது தொடர்தல் வேண்டுமன்றோ?