திரை சிறிதானால் போதாது, சிந்தனையும் மாற வேண்டும்

இணையத்தளம் நடத்துவதில் வெற்றி பெற்ற ஒரு நிறுவனம், கைப்பேசியின் திரையையும் நன்றாக வடிவமைத்துவிடுமா? இரண்டும் திரைதானே, இதில் என்ன வேறுபாடு என்று தோன்றலாம். கூகுள், ஃபேஸ்புக், மொசில்லா ஆகிய மூன்றும் இம்முயற்சியில் இறங்கின. ஒன்று வென்றது. ஒன்று சில வாரங்களிலேயே தடுமாறியது. மற்றொன்று கைவிட்ட முயற்சி வேறொரு வடிவில் உயிர்பெற்றது. பாடக்குறிப்பு, பயிற்சித்தாள், வினாடி வினா எனப் பலவற்றையும் மாணவர் வீட்டுக் கைப்பேசிக்கு அனுப்பும் நமக்கும் இதில் கற்க வேண்டியது உண்டு.

இரண்டு திரைகள், இரண்டு உலகங்கள்

ஒரு கருவிக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையே நின்று, அவர் சொல்வதைக் கருவிக்கும் கருவி சொல்வதை அவருக்கும் புரியவைப்பதே இடைமுகம். கணினியின் முன் நாம் அமர்ந்து வேலை செய்கிறோம். மவுஸின் அம்புக்குறி சின்னஞ்சிறு எழுத்தையும் துல்லியமாகத் தொடும். கைப்பேசியையோ ஓடும் பேருந்தில், ஒரு கையில் பை இருக்க, மறு கையின் கட்டைவிரலால் இயக்குகிறோம். தொடும் விரலே தொட வேண்டியதை மறைக்கிறது. அதனால்தான், தொடும் பரப்பு ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று ஆண்டிராய்டு வடிவமைப்பு வழிகாட்டி கூறுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இணையப்பக்கத்தில் பிழை இருந்தால் இரவோடு இரவாகத் திருத்திவிடலாம். பல வடிவங்களை ஒரே நேரத்தில் மக்களிடம் காட்டி, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். இணைப்புகளுக்கான நிறத்தை முடிவு செய்ய நீல நிறத்தின் 41 சாயல்களைக் கூகுள் சோதித்தது பலரும் அறிந்த செய்தி. கைப்பேசியின் இயங்குதளமோ தயாரிப்பு நிறுவனத்தின் வழியாகவே பயனரை அடைகிறது. அதில் உள்ள குறை மாதக்கணக்கில் அவர் கையிலேயே தங்கிவிடும். ஆக, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற இணையப் பழக்கம் இங்கே செல்லாது.

கூகுள்: கற்றுக்கொண்டு வென்றது

தேடுபொறி நிறுவனமான கூகுள், கைப்பேசி மென்பொருளில் தானாக இறங்கவில்லை. 2005இல் ஆண்டிராய்டு என்ற சிறு நிறுவனத்தை, கைப்பேசித் துறையில் அனுபவம் பெற்ற அதன் குழுவோடு வாங்கியது. முதலில் உருவான மாதிரியில் தொடுதிரை இல்லை, விசைப்பலகையே இருந்தது. 2007 ஜனவரியில் ஆப்பிள் ஐஃபோனை அறிமுகப்படுத்தியதும் திட்டம் மாறியது. 2008இல் முதல் ஆண்டிராய்டு கைப்பேசி தொடுதிரையுடன் வந்தது. மேலிருந்து கீழே இழுத்தால் அறிவிப்புகள் விரியும் வசதி அதிலேயே இருந்தது. ஆப்பிள் அதைப் போன்ற வசதியை 2011இல்தான் தந்தது.

ஆனாலும் தோற்றத்தில் ஒழுங்கு வர ஆண்டுகள் பிடித்தன. பாம் நிறுவனத்தில் கைப்பேசி இடைமுகம் வடிவமைத்த மத்தியாஸ் துவார்த்தே 2010இல் கூகுளில் சேர்ந்தார். 2014இல் மெட்டீரியல் டிசைன் என்ற பொது வடிவமைப்பு இலக்கணம் வெளியானது.

நம் மொழிக்கும் இதில் பங்குண்டு. தொடக்ககால ஆண்டிராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்தே தெரியாத இடைமுகம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. உலக மொழிகள் எதிலும் இத்தகைய கட்டங்கள் தோன்றக்கூடாது என்ற நோக்கில் கூகுள் உருவாக்கியதே நோட்டோ எழுத்துரு வரிசை.

ஃபேஸ்புக்: தன்னை முன்னிறுத்தியது

2013 ஏப்ரலில் ஃபேஸ்புக் ஹோம் வந்தது. கைப்பேசியைத் திறந்ததும் நண்பர்களின் படங்களும் பதிவுகளும் திரை முழுவதும் ஓடும். பயனர் அன்றாடம் தேடும் செயலிகள் அதற்குப் பின்னால் போயின. அவர் தன் வசதிக்கேற்ப அடுக்கி வைத்திருந்த முகப்புத்திரையும் மறைந்தது. இதனுடன் வந்த எச்டிசி ஃபர்ஸ்ட் கைப்பேசியின் விலை, அமெரிக்காவில் ஒப்பந்தத்துடன் 99 டாலராக இருந்தது. ஒரு மாதத்திற்குள் அது 99 சென்ட் ஆனது.

தொழில்நுட்பத் திறமைக்குக் குறைவில்லை. ‘எங்கள் பக்கத்தை எப்படி முன்னால் வைப்பது?’ என்ற கேள்வியில் வடிவமைப்பு தொடங்கியதே சிக்கல். ‘இவர் எதற்காகக் கைப்பேசியை எடுக்கிறார்?’ என்பதல்லவா முதல் கேள்வி!

மொசில்லா: இடம் மாறி வென்ற நிரல்

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா, இணையத் தொழில்நுட்பத்தாலேயே முழுக் கைப்பேசியும் இயங்கும் என்று நம்பியது. அதன் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் கொண்ட கைப்பேசி 2014இல் இந்தியாவில் 1,999 ரூபாய்க்கே கிடைத்தது. ஆனால் மக்கள் எதிர்பார்த்த வாட்ஸ்அப் அதில் இல்லை, வேகமும் குறைவு. மொசில்லா முயற்சியைக் கைவிட்டது.

அதன் திறந்த நிரலிலிருந்து பிறந்த காய்ஓஎஸ், 2017இல் ஜியோஃபோனில் இடம்பெற்றது. இம்முறை பொத்தான் கைப்பேசிக்குப் பழகிய விரல்களை மனத்தில் கொண்டு இடைமுகம் அமைந்தது. மறு ஆண்டு வாட்ஸ்அப்பும் வந்தது. மக்களிடம் அது பரவலாகச் சென்று சேர்ந்தது.

எனவே, இணைய நிறுவனம் கைப்பேசி வடிவமைப்பில் வெல்ல முடியும். ஆனால் இணையத்தில் பெற்ற வெற்றி அதற்குத் தகுதிச் சான்று ஆகாது. பயன்படுத்துபவரின் கை, மொழி, தேவை ஆகிய மூன்றிலிருந்தும் தொடங்க வேண்டும்.

நம் பணியில்

ஏ4 தாளுக்கென அமைத்த பயிற்சித்தாளைப் பிடிஎஃப் ஆக அனுப்பினால், மாணவர் ஒவ்வொரு வரிக்கும் திரையைப் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். பாதி கவனம் அதிலேயே போய்விடும். மடிக்கணினியில் தயாரித்த எதையும் அனுப்பும் முன், விலை குறைந்த ஒரு கைப்பேசியில் திறந்து பார்ப்பது நல்லது. எழுத்து படிக்கும்படி இருக்கிறதா, ஒரு திரைக்கு ஒரு வினா வருகிறதா, விடையைக் கட்டைவிரலால் தொட முடிகிறதா என்ற மூன்றையும் கவனித்தால் போதும்.

வகுப்பிலும் இதை ஒரு செயல்பாடாக்கலாம். ‘பாட்டி ஒருவர் ஊருக்குப் போகும் பேருந்தின் நேரத்தை அறிய வேண்டும்’ எனச் சூழலைக் கூறுங்கள். குழுக்கள் உள்ளங்கை அளவுத் தாள்களில் ஒவ்வொரு திரையாக வரையட்டும். ஒருவர் தாள்களை மாற்றும் ‘கைப்பேசி’யாக இருக்க, வேறு குழுவைச் சேர்ந்தவர் பாட்டியாக நடித்து விரலால் தொடட்டும். வரைந்தவர்கள் விளக்கம் சொல்லாமல், விரல் எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் குறிக்க வேண்டும். பிறகு அந்தத் திரையை மாற்றி வரையட்டும். கணினி ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். தாளும் பென்சிலும் போதும்.