எதிரி நாட்டு இன்ஜினில் பறந்த விமானம்

இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் எதிரி நாடான இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கின. வானில் அவற்றுக்குக் காவலாக வந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களை இயக்கியவை பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின்கள். இன்று அதே தீவின் தலைநகரான பலெர்மோவில், பல்கலைக்கழகத்தின் இன்ஜின்கள், இயந்திரங்கள் அருங்காட்சியகத்தில் ஃபியட் ஜி.59 என்ற இத்தாலிய விமானம் நிற்கிறது. அந்த ரக விமானத்தைப் பறக்க வைத்ததும் மெர்லின்தான்!

ஜி.59-க்கு மூலம், போர்க்காலத்தின் ஃபியட் ஜி.55. ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் 605 இன்ஜினை உரிமம் பெற்றுத் தயாரித்து அதில் பொருத்தினார்கள். போர் முடிந்ததும் அந்த இன்ஜின்களின் கையிருப்பு கரைந்தது. விமானத்தின் உடற்கட்டோ அருமையானது, தூக்கிப்போட மனமில்லை. 1948-இல் மெர்லினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள்.

கழற்றி மாட்டுகிற வேலையல்ல அது. டைம்லர் பென்ஸில் 12 சிலிண்டர்களும் கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும். மெர்லினில் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். விமானத்தின் மூக்கையே மாற்றி வடிவமைக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு விமானங்களையும் வடிவமைத்த ஜுசெப்பே கப்ரியெல்லி, 1903-இல் சிசிலியின் கால்தானிசெத்தாவில் பிறந்தவர்.

பலெர்மோ அருங்காட்சியகத்தில் முதல் உலகப் போர்க்கால சீமென்ஸ்-ஹால்ஸ்கே இன்ஜின் ஒன்றும் உண்டு. அந்நாளின் சுழல் இன்ஜின்களில் சிலிண்டர்கள் ராட்டினம்போல புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றும்; அந்த வேகமே விமானத்தைத் திருப்பவிடாமல் முரண்டு பிடிக்கும். சீமென்ஸ் பொறியாளர்கள் சிலிண்டர்களை ஒரு பக்கமும் உள்ளிருக்கும் கிராங்க் ஷாஃப்டை எதிர்ப்பக்கமும் நிமிடத்துக்கு 900 முறை சுற்றவிட்டார்கள். இன்ஜினுக்கு 1,800 சுற்றின் பலன். புரொப்பெல்லருக்கு 900 சுற்று மட்டுமே. முரண்டும் பெருமளவு அடங்கியது.

2011-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தின் பொருட்களில் பல, பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தவும் ஆய்வுக்கும் சேர்க்கப்பட்டவை. நமக்கும் இது புதிதல்ல. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள்தாம் மாணவர் அப்துல் கலாமைச் சுண்டி இழுத்தன. 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார்.

பழைய இன்ஜினைக் காயலான் கடைக்கு எடை போடுவது எளிது. பலெர்மோ அதைத் துடைத்து, பெயர் எழுதி, ஊர் பார்க்க வைத்திருக்கிறது. நம் பொறியியல் கல்லூரிகளின் பட்டறை மூலைகளையும் ஒருமுறை துழாவிப் பார்க்கலாம்.